கருவேல முள் போட்ட கோடுகள்

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முதுகுளத்தூருக்கு முன்னால் ஒரு வளைவு. ஒரு வண்டி போனால் எதிரே வருவது ஒதுங்கித்தான் ஆகவேண்டும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் தார்ச்சாலை வரைக்கும் சாய்ந்து நிற்கும். எதிரே பஸ் வந்தது. இடப்பக்கம் ஒதுக்கினேன். ஒதுக்கிய அந்த இருபது அடி தூரமும் ஸ்லேட்டில் பலப்பம் கீச்சிடுவது போன்ற ஒரு சத்தம், முன்சக்கரத்தின் மேலிருந்து பின்கதவு வரை ஓடியது. பக்கத்தில் இருந்த மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

மானாமதுரையில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் முழுதாகப் பார்த்தேன். சாய்வெயில் பக்கவாட்டில் விழுந்திருந்தது. வண்டி 2017-இல் வாங்கிய நீல நிற பலேனோ கார். அந்த நீலத்தில் சாம்பல் நிறக் கோடுகள், சீப்பால் வாரியதுபோல் ஒன்றின்கீழ் ஒன்றாக ஓடின. எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று.

மறுநாள் டிங்கரிங் பெயின்டிங் பார்க்கும் ஒரு பட்டறையில் காட்டினேன். சுற்றிவந்து பார்த்தவர், "ஃபெண்டர், இரண்டு கதவு, பின் பேனல், நான்கையும் அடித்துவிடலாம் சார், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார். அவர் சொன்ன தொகையைவிட "அடித்துவிடலாம்" என்ற சொல்தான் என்னை உறுத்தியது. முன்பு வைத்திருந்த காரில் ஒரு கதவை இப்படி அடித்து வாங்கியிருக்கிறேன். முதல் வருடம் நன்றாக இருந்தது. பிறகு வெயிலில் அந்தக் கதவு மட்டும் தனியாக வெளுத்தது. மூன்றாம் வருடம் அதன் மேல்பூச்சு வெயிலில் தோல் உரிவதுபோல் உரிந்தது.

தொழிற்சாலையில் கார் வெறும் இரும்புக் கூடாக இருக்கும்போதே பெயின்ட் ஏறுகிறது. மேல்பூச்சைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சூளைக்குள் வைத்துச் சுடுகிறார்கள். முடிந்த வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பிளாஸ்டிக் உருகிவிடும், வயர் கெட்டுவிடும். அதனால் வெளியில் அடிக்கும் பெயின்ட்டைச் சுமார் 60 டிகிரியில்தான் காயவைப்பார்கள், அதுவும் சூளை வசதி உள்ள இடத்தில். சாதாரணப் பட்டறையில் காற்றிலேயே காய்ந்துவிடும். நல்ல கைகாரர் அடித்தால் அதுவும் வருடக்கணக்கில் நிற்கும், மறுக்கவில்லை. ஆனாலும் வண்டியோடு பிறந்த பெயின்ட்டை இன்னும் காப்பாற்ற முடியும் என்றால், அதைத் தேய்த்துத் தள்ளிவிட்டுப் புதிதாக அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குமுன் எத்தனை ஆழம் என்று தெரியவேண்டும்.

காரின் பெயின்ட் ஒரே அடுக்கு இல்லை. இரும்பின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர். இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான்தான். 100 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் மட்டும் சுமார் 40 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. வண்டியின் பளபளப்பு முழுக்க அந்த மெல்லிய அடுக்கில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கி நிறத்தைக் காப்பதும் அதுதான்.

கீறலை "எடுப்பது" என்று சொல்கிறோம். உண்மையில் கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எடுக்க முடியாது. அதன் இரு கரையையும் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் தணிக்கிறோம், அவ்வளவுதான். வயலில் பரம்படித்தால் மேட்டு மண் சரிந்து பள்ளத்தை நிரப்பும். பெயின்டில் அப்படி எதுவும் சரிந்து விழாது. மேடு மட்டும் தூளாகத் துணியோடு போய்விடும், திரும்ப வராது. இதை மனதில் வாங்கிக்கொண்ட பிறகு கைக்குத் தானாகவே ஒரு நிதானம் வந்துவிட்டது. எந்தக் கோட்டுக்கு எத்தனை செலவழிக்கலாம் என்ற கணக்கோடுதான் ஒவ்வொன்றையும் தொட்டேன்.

ஆழத்தைப் பார்க்க இரண்டு வழி போதும். முதலாவது நகம். கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல இழுக்கும்போது தடுக்காமல் வழுக்கிப் போனால் கோடு மேலோட்டமானது. தடுத்தால் ஆழம். இரண்டாவது தண்ணீர். கோட்டின்மேல் தண்ணீர் தெளித்தால் சில கோடுகள் கண்ணெதிரே காணாமல் போய்விடும். காய்ந்ததும் திரும்ப வரும். காய்ந்த பள்ளத்தில் காற்று இருப்பதால் அதன் கரையில் ஒளி சிதறி வெளுப்பாகத் தெரிகிறது. தண்ணீர் நிரம்பினால் சிதறல் பெருமளவு அடங்கிவிடும். நனைந்ததும் மறையும் கோடு கிளியருக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். என் இருபத்து மூன்றில் பதினேழு முழுதாக மறைந்தன. நான்கு மங்கின. இரண்டு அப்படியே நின்றன. ஆக, பட்டறைக்காரர் நான்கு பேனலையும் அடிக்கச் சொன்னது இந்த இரண்டு கோடுகளுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் செய்யும் அதே வேலையைத்தான் எண்ணெயும் செய்கிறது. மாடி வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். தடவினால் மறையும்தான். நான்கு நாள் கழுவினால் திரும்பி வந்து நிற்கும். பற்பசையைப் பற்றியும் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் மெல்லிய தேய்ப்புப் பொருள் இருப்பது உண்மை. ஆனால் அது பல்லுக்கு அரைத்தது. என் வண்டியில் கைப்பிடிக் குழிவுக்குள் ஒரு சின்ன இடத்தில் தேய்த்துப் பார்த்தேன். கோடு கொஞ்சம் மங்கியது. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் புகைபடிந்த மாதிரி ஒரு மங்கல் வந்தது. ரப்பர் ஓரத்தில் இறங்கிக் காய்ந்த வெள்ளையைக் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. முந்நூறு நானூறு ரூபாய்க்குக் காருக்கென்றே செய்த தேய்ப்பு மருந்தான காம்பவுண்ட் கிடைக்கும்போது இந்தப் பரிசோதனை யாருக்கும் தேவையில்லை.

வாங்கியவை இவ்வளவுதான்: ஒரு டப்பா காம்பவுண்ட், ஒரு புட்டி பாலிஷ், ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே ஒரு கட்டி, ஆறு மைக்ரோஃபைபர் துணி, கையில் பிடிக்கும் ஸ்பாஞ்ச் இரண்டு, மாஸ்கிங் டேப், 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் மிக மெல்லிய உப்புத்தாள்) ஒன்று, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர். கார் ஷாம்பூவும் மெழுகும் வீட்டிலேயே இருந்தன. எல்லாமாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழுவுவதிலேயே போயிற்று. பலர் அவசரப்படுவது இங்கேதான். வண்டியின்மேல் இருக்கும் மண்ணை அகற்றாமல் தேய்ப்பு மருந்தை வைத்தால், தேய்ப்பது மருந்து இல்லை, மண்தான். முதலில் துணி படாமல் வெறும் தண்ணீரை அடித்து ஊற்றினேன். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே திரும்ப ஷாம்பூவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்கினேன். சக்கரத்தை ஒட்டிய பகுதிதான் கடைசி. அங்கே போன துணி மறுபடி மேலே ஏறக்கூடாது. வேலை முடிந்து அலசும் வாளியின் அடியில் கைவிட்டுப் பார்த்தபோது விரல் நுனியில் நறநறவென்று மணல் இருந்தது. ஒரே வாளியில் கழுவியிருந்தால் இத்தனையும் வண்டியின்மேல் திரும்ப ஏறியிருக்கும்.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. வெயிலில் தானாகக் காயவிட்டால் சொட்டு ஒவ்வொன்றும் வெள்ளை வட்டமாக நின்றுவிடும். அதனால் நிழலில் வைத்து, ஈரம் காயும் முன்பே துடைத்துவிட்டேன்.

துடைத்த பிறகு ஒரு சின்னச் சோதனை. மெல்லிய பாலிதீன் பைக்குள் கையைவிட்டு, அந்தக் கையால் கதவைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், பைக்குள் இருக்கும் விரலுக்கு ரவையைத் தொடுவதுபோல் இருக்கும். பிரேக்கிலிருந்து தெறித்த இரும்புத் துகள், மரப்பிசின், தார்ப்புள்ளி என்று கழுவினால் போகாமல் ஒட்டியிருப்பவை அவை. அவற்றைத்தான் கிளே எடுக்கிறது. சப்பாத்தி மாவு உருண்டை மாதிரி பிசைந்து தட்டையாக்கி, சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். தொடக்கத்தில் உரசும் சத்தம் கேட்கும். சத்தம் நின்று கை வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதிய முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும். தரையில் விழுந்த கிளேயை எடுத்துத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. எனக்குப் பாதிக் கட்டி விழுந்தது; மனமில்லாமல்தான் எறிந்தேன்.

இரண்டாம் ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கினேன். தை மாதக் குளிர்ச்சியில் தகடு சில்லென்று இருந்தது. இந்த வேலைக்குச் சூடு ஆகாது. புறங்கையை வைத்தால் இதமாக இருக்கலாம். சுட்டால் அன்று வேலை வேண்டாம். சூட்டில் மருந்து தேய்க்கும் முன்பே காய்ந்து அப்பிக்கொள்ளும். மதுரை வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் நான் தொடவில்லை.

கதவின் ஓரங்கள், கதவின் நடுவே ஓடும் மடிப்புக் கோடு, ரப்பர் பீடிங், கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. கையின் அழுத்தம் முழுதும் அந்த மெல்லிய முனையில்தான் போய் விழும். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் மருந்து பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக மாறிப் பல நாள் போகாது.

பின்கதவின் கீழ்ப்பாகத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரத்தை டேப்பால் கட்டிக்கொண்டேன். முதலில் பாலிஷ். அது காம்பவுண்டைவிட மென்மையானது. அது போதுமென்றால் காம்பவுண்டைத் திறக்கவே வேண்டியதில்லை. ஸ்பாஞ்சில் பட்டாணி அளவில் மூன்று சொட்டு வைத்து, சதுரம் முழுக்க ஒற்றிப் பரப்பி, நேர்கோட்டில் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தேன். இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் அருமையாக இருந்தது, கோடே இல்லை. ஆனால் பாலிஷிலும் எண்ணெய் உண்டு. ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து ஒரு துணியில் தெளித்துத் துடைத்தேன். எண்ணெய் போனதும் ஐந்து கோடுகளில் மூன்று திரும்ப வந்துவிட்டன. இந்த ஆல்கஹால் துடைப்பைச் செய்யாமல் யாரும் "கோடு போய்விட்டது" என்று சொல்வதை நான் இப்போது நம்புவதில்லை.

அடுத்து காம்பவுண்ட். அதே சதுரம், அதே முறை. அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூட. தேய்க்கத் தொடங்கும்போது விரலுக்குக் கீழே ஒரு மெல்லிய கரகரப்பு தெரியும். நாற்பது ஐம்பது இழுப்பு போனதும் அது குறைந்து வழவழப்பாகும். இந்த வகைக் காம்பவுண்டில் தேய்ப்புத் துகள் தேயத்தேய நொறுங்கிப் பொடியாவதால் அப்படி. கரகரப்பு இருக்கும்போதே பாதியில் நிறுத்தித் துடைத்தால் பெரிய துகள் போட்ட கோடு அப்படியே நிற்கும். அந்தச் சுற்று முடியும்வரை பொறுமை வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பிறகு ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, செல்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சதுரத்துக்கு வெளியே விளக்கை அடித்தால், ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாக நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் தெரிந்தன. விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. யாரும் வட்டமாகக் கீறவில்லை. கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. அது முள் போட்டது இல்லை. எட்டு வருடமாக வண்டியைத் துடைத்த துணிகள் போட்டது. டேப்பைத் தாண்டி விளக்கைச் சதுரத்துக்குள் கொண்டுவந்தால் வலை அறுந்து, ஒளி ஒரு சுத்தமான புள்ளியாக நின்றது. எதிரே இருந்த வேப்பமரத்தின் ஒவ்வோர் இலையும் விளிம்போடு அதில் தெரிந்தது. அந்த நீலம் இத்தனை ஆழமானது என்பதை வண்டி வாங்கிய வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். முள்ளுக்காகத் தொடங்கிய வேலை, அந்த ஒரு சதுர அடியைப் பார்த்த பிறகு வண்டி முழுவதற்குமானதாக மாறிவிட்டது.

கையால் ஒரு கதவை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தோள்பட்டை வலித்தது. ஆனால் கையில் ஆபத்து குறைவு. ஒரு சுற்றில் கிளியரில் போவது மிகக் கொஞ்சம். முதன்முதலாகச் செய்பவர்கள் கையோடு நின்றாலே போதும் என்பது என் எண்ணம்.

கைப்பிடிக் குழிவுகளை மனைவியே செய்தாள். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நகமும் மோதிரமும் உரசுகிற இடம் அது. பிறை பிறையாகக் கோடுகள். ஸ்பாஞ்ச் உள்ளே நுழையாது. ஆள்காட்டி விரலில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, நுனியில் துளி காம்பவுண்ட் தொட்டு, குழிவின் வளைவோடு தேய்த்தாள். நான்கு கதவையும் முடித்துவிட்டு, "அந்தப் பற்பசை மங்கலும் போய்விட்டது, பாருங்கள்" என்று காட்டினாள். போயிருந்தது.

மூன்றாம் ஞாயிற்றுக்கு ஒரு நண்பரிடம் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் இரவல் வாங்கினேன். பாலிஷர் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும். ஓர் இடத்தில் சில நொடி நின்றாலே சூடேறிக் கிளியரை எரித்துவிடும். ஒரு பட்டறையில் என் பழைய வண்டியின் பானட் விளிம்பில் இப்படித்தான் சுண்டுவிரல் அகலத்துக்குப் பிரைமரே தெரிந்துவிட்டது. "ரப்பிங் போட்டுத் தருகிறோம்" என்று வாங்கியவர்கள், கொடுக்கும்போது அதைப் பற்றிப் பேசவேயில்லை. டிஏ என்பது சுழன்றுகொண்டே ஆடும். அழுத்தம் கூடினால் சுழற்சி தானாக நின்றுவிடும். அதனாலேயே வீட்டுக்கு அது பாதுகாப்பு. பாலிஷரில் மாட்டும் ஸ்பாஞ்ச்தான் பேட். அதன் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தேன். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது. கோடு நின்று வெறுமனே அதிர்ந்தால், நான் சாய்த்துப் பிடித்திருக்கிறேன் அல்லது அழுத்துகிறேன் என்று அர்த்தம். வேகம் ஆறில் நான்கு. ஒரு நொடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மிதித்தபடி போக வேண்டும். பானட்டையும் கூரையையும் கதவுகளையும் அன்றைக்கே முடித்தேன். ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் பேடைத் துணியில் அழுத்தித் துடைத்தேன். பேடில் சேர்ந்த பழைய தூள் காய்ந்தால் அதுவே புதுக் கீறலைப் போடும்.

தண்ணீரில் மறைந்த பதினேழு கோடுகளும் போய்விட்டன. மங்கிய நான்கில் இரண்டு, இயந்திரத்தின் இரண்டாவது சுற்றில் போயின. மிச்சம் இரண்டு, முன்கதவில், நகம் இலேசாகத் தடுக்கும் ஆழத்தில்.

இவற்றுக்கு 3000 நம்பர் வாட்டர் பேப்பர். எழுதும்போதே சொல்லிவிடுகிறேன், இது எல்லோருக்கும் இல்லை. காம்பவுண்ட் போகிற வேகம் வேறு, பேப்பர் போகிற வேகம் வேறு. பேப்பரைச் சோப்புக் கலந்த தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, மகளின் பென்சில் அழிக்கும் ரப்பரில் சுற்றிக்கொண்டேன். விரலால் நேரடியாக அழுத்தினால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும், ரப்பர் சமமாகப் பரப்பும். கோட்டின் மேலேயே, எட்டு இழுப்பு. துடைத்துப் பார்த்தேன். மறுபடி எட்டு.

கண் முழுவதும் வழிகிற தண்ணீரில்தான் இருக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக வழிந்தால் போவது கிளியர். அதில் வண்டியின் நிறம் கலந்துவிட்டால் கிளியர் முடிந்துவிட்டது. அந்தக் கணமே நிறுத்த வேண்டும், நிறுத்தினாலும் பயனில்லை, அந்தப் பேனலைப் பெயின்ட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். (கிளியர் இல்லாத பழைய வகைப் பெயின்ட் என்றால் துணியில் எப்போதுமே நிறம் வரும், அது வேறு கதை.) எனக்கு வெள்ளையாகவே வழிந்தது. ஒரு கோடு இருபத்து நான்கு இழுப்பில் மறைந்தது. இன்னொன்று பாதியாக மெலிந்தது. இன்னும் பத்து இழுப்பு இழுத்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றே தோன்றியது. தடிமன் அளக்கும் கருவி என்னிடம் இல்லை. கீழே எத்தனை மிச்சம் என்று தெரியாத இடத்தில் மேலும் பத்து இழுக்க நான் தயாராக இல்லை. நிறுத்திவிட்டேன். தேய்த்த இடம் பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கி இருந்தது. காம்பவுண்டும் பாலிஷும் ஒவ்வொரு சுற்று போனதும் பளபளப்பு திரும்பிவிட்டது. மெலிந்த கோடு இப்போது இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீருக்கு அசையாத இரண்டு கோடுகளும் முன் ஃபெண்டரில், சக்கர வளைவுக்கு மேலே. ஒன்று ஓர் அங்குலம், இன்னொன்று அரை அங்குலம். உள்ளே சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. எத்தனை தேய்த்தாலும் இவை போகாது. சும்மா விட்டால் நாளைக்கு ஈரம் இறங்கித் துரு பிடிக்கலாம். வண்டியின் பெயின்ட் குறியீடு அதன் அடையாளத் தகட்டில் அச்சிட்டிருக்கும். அதைச் சொல்லி சின்னக் காயங்களில் வைக்கும் டச்அப் பெயின்ட் வாங்கினேன். கூடவே வரும் தூரிகை இந்த வேலைக்கு மிகவும் தடிமன். பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, பள்ளத்துக்குள் மட்டும் இறங்கும்படி வைத்தேன். ஒரே தடவையில் நிரப்பக்கூடாது. மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு பூச்சாக மூன்று நாள் நிறம், இரண்டு நாள் கிளியர். காய்ந்ததும் அருகில் குனிந்து பார்த்தால் சின்னத் தழும்பு மாதிரித் தெரிகிறது. மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது. எனக்கு அது போதும்; அங்கே வேண்டியிருந்தது அழகைவிடக் காப்பு.

கடைசியாக மெழுகு. மெழுகு எந்தக் கீறலையும் போக்காது, புதிதாகத் திறந்த மேற்பரப்புக்கு ஒரு போர்வை மட்டும். நான் போட்டது கார்னோபா, பிரேசிலில் வளரும் ஒரு பனைவகையின் ஓலையிலிருந்து எடுப்பது. டச்அப் வைத்த இடத்தை மட்டும் ஒரு மாதம் ஆறவிட்டேன்; மற்ற இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூசி, விரலால் இழுத்தால் சுத்தமாக வழிவிடும் பதத்தில் துடைத்து எடுத்தேன். நம் வெயிலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

சிலந்தி வலையின் நினைவு மட்டும் என்னை விடவில்லை. முள் ஒருநாள் கீறியது. துணி தினமும் கீறியிருக்கிறது. எங்கள் குடியிருப்பில் காலையில் பத்துப் பன்னிரண்டு வண்டிகளைத் துடைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். விடியுமுன் வந்துவிடுவார், ஒரு நாள் தவறியதில்லை. அவரைக் கூட்டிவந்து பானட்டில் விளக்கடித்துக் காட்டினேன். பக்கத்து வண்டியிலும் அடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"காய்ந்த தூசியைத் துணியால் தட்டுகிறோமே, அதுதானா தம்பி?"

"அதுதான் அண்ணே. முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்கிவிட்டுத் துணி வைத்தால் இவ்வளவு வராது."

"ஒரு வாளித் தண்ணீரில் இத்தனை வண்டி பார்க்கச் சொல்கிறார்கள். கீழ்த்தளத்துக் குழாயைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்களே."

அவர் சொன்னது நியாயம். குடியிருப்போர் சங்கத்தில் பேசி, காலை ஐந்திலிருந்து ஏழுவரை அந்தக் குழாயைத் திறந்துவிட ஏற்பாடு செய்தேன். எங்கள் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி கொடுத்தேன். ஒன்று மேல்பாகத்துக்கு, ஓரத்தில் சிவப்பு நூல் தைத்தது கீழ்ப்பாகத்துக்கு. அவர் இப்போது மற்ற வண்டிக்காரர்களிடமும் தனித் துணி கேட்டு வாங்கியிருக்கிறார். தூசி படிந்த நாளில் வண்டிக்கு உறை போடுவதையும் நான் நிறுத்திவிட்டேன். காற்றடித்தால் உறைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே அந்தத் தூசிதான் நாள் முழுக்க உரசுகிறது.

வேலை முடிந்து படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தேன். அப்பா மறுநாள் அழைத்தார். "பங்குனிப் பொங்கலுக்கு வரும்போது பயப்படாமல் வா. அந்த வளைவில் நம் பக்கத்து முள்ளையெல்லாம் ஆள் வைத்து வெட்டியாகிவிட்டது. எதிர்ப் பக்கம் மட்டும் பாக்கி" என்றார்.